“சிஸ்டம் சரியில்லை” என்னும் சாக்கு



நம் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் இந்நாளில் மிகுதியாகப் புழங்கும் வாக்கியம் ஒன்று உண்டு. பிள்ளையின் பள்ளி மாற்றம் இன்னும் முடியவில்லையா? சிஸ்டம் சரியில்லை. ஆசிரியரின் விடுப்பு விண்ணப்பம் மூன்று வாரமாக அசையாமல் கிடக்கிறதா? சிஸ்டம் சரியில்லை. உடைந்த கூரைக்கு அனுப்பிய வேண்டுகோள் எங்கே நிற்கிறது? சிஸ்டம் சரியில்லை. கேட்டவர் வாய்மூடித் திரும்புகிறார். சொன்னவர் கடமை முடிந்ததென அமைகிறார்.

இவ்வாக்கியம் பெரும்பாலும் உண்மையன்று என்பதே என் வாதம். கணினி அமைப்பு பழுதுபட்டால் அது எல்லார்க்கும் பழுதுபடும். பக்கம் திறக்காது, பிழைச்செய்தி தோன்றும், சில மணி நேரத்தில் சரிசெய்யப்படும். ஆனால், எல்லாருடைய விண்ணப்பமும் நகர்கையில் ஒரே ஒரு விண்ணப்பம் மட்டும் ‘டாலாம் புரோசெஸ்’ என்ற இரு சொற்களின் கீழ் வாரக்கணக்கில் நிற்கிறதென்றால், மென்பொருள் பழுதுபடவில்லை. தனக்கு இடப்பட்ட கட்டளையைச் செய்து முடித்துவிட்டு அது காத்திருக்கிறது. யாருக்காக? பல வேளைகளில், அந்தப் பொறுப்பில் இப்போது இல்லாத ஒருவருக்காக!

பணி யாருடைய பெயரில் நிற்கிறது?

பணிப்போக்கு மென்பொருள் என்பது பெரிய மந்திரமன்று. ஒருவர் விண்ணப்பிக்கிறார், இரண்டாமவர் ஆதரிக்கிறார், மூன்றாமவர் ஒப்புதல் தருகிறார். ஒவ்வொரு படியும் முடிந்தவுடன் அடுத்த படிக்குரியவரின் கணக்கில் பணி போய் விழுகிறது. நாமறிந்த எடுத்துக்காட்டு எச்.ஆர்.எம்.ஐ.எஸ். 1990-களின் பிற்பகுதியில், மல்டிமீடியா பெருவழித் திட்டம் பிறந்தபோது வகுக்கப்பட்ட மின்னரசாங்கத் திட்டங்களுள் அதுவும் ஒன்று. அரசு ஊழியரின் விடுப்பு முதல் சொத்து அறிவிப்பு வரை அதன் வழியே சென்று வந்துள்ளன. மாணவர்க்கோ தனித் தரவுத்தளம். அதில் ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிகளில் இருக்க இயலாது. பழைய பள்ளி விடுவிக்க வேண்டும்; புதிய பள்ளி ஏற்க வேண்டும்.

இங்கேதான் பலரும் அறியாத நுட்பம் ஒன்று ஒளிந்திருக்கிறது. இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில், ‘இப்பணி யாருக்குரியது’ என்னும் முடிவு அந்தப் பணி பிறக்கும் நொடியில் எடுக்கப்படுகிறது. இன்று ஒப்புதல் அதிகாரியாக ஓர் ஆசிரியர் இருக்கிறார். விண்ணப்பம் அவர் கணக்கில் விழுகிறது. அடுத்த வாரம் அவர் மாற்றலாகிப் போகிறார். நிர்வாகி பொறுப்புப் பட்டியலைத் திறந்து பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரைச் சேர்க்கிறார். எல்லாம் சரியாயிற்று என்று நினைக்கிறோம். ஆகவில்லை. இனி வரும் விண்ணப்பங்கள்தாம் புதியவரிடம் போகும். ஏற்கெனவே பிறந்துவிட்ட பணி பழையவர் பெயரிலேயே கிடக்கும். ஒருவர் கையால் எடுத்து மாற்றும் வரை அது நகராது.

இது மென்பொருள் வல்லுநர்கள் நன்கறிந்த சிக்கல். கோலாலம்பூரில் உருவான திறமூல மென்பொருளாகிய ஜோகெட்டில், ஓடிக்கொண்டிருக்கும் பணிகளைக் கண்காணிக்கத் தனிப்பக்கமே இருக்கிறது. தேங்கிய பணியை வேறொருவர்க்கு மாற்றலாம். ‘யாருக்குரியது என்பதை மீண்டும் கணக்கிடு’ என்று கட்டளையிடலாம். ஒரு படிக்குக் கெடு வைத்து, தாண்டினால் வேறு வழியில் அனுப்பலாம். மைக்ரோசாப்டின் பவர் ஆட்டோமேட்டிலோ, ஓர் ஓட்டம் 30 நாள்களுக்கு மேல் காத்திருப்பதில்லை. அதற்குள் ஒப்புதல் கிட்டாவிடில் அது காலாவதியாகிவிடும். ஆக, ஆள் மாறுவார், ஆள் இல்லாமற் போவார் என்பதைக் கருவி செய்தவர்கள் எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள். எதிர்பாராதவர்கள் நாம்!

தாள் கோப்புக்கு இருந்த ஒரு நற்பேறு

பழைய தாள் கோப்புக்காகக் கண்ணீர் விடுபவன் அல்லன் நான். அதுவும் தூங்கிற்று; தூசு படிந்தது; கறையான் தின்றது. ஆயினும் அதற்கொரு நற்பேறு இருந்தது. முடியாத கோப்பு மேசைமேல் கிடக்கும். அல்லது இழுப்பறைக்குள் இருக்கும். அதிகாரி மாற்றலாகிப் போனாலும் மேசை போகாது. புதிதாய் வருபவர் நாற்காலியில் அமர்ந்து இழுப்பறையைத் திறந்தால், முன்னவர் விட்டுச்சென்ற கோப்பு அவர் முகத்தைப் பார்க்கும். மேசை ஆளுக்கு ஆள் கைமாறியது. மேசையோடு பணியும் கைமாறியது.

கணினிக் கணக்கோ ஆளுக்கு உரியது. ஆள் போனால் கணக்கும் போகிறது. கணக்கோடு பணியும் போகிறது. புதியவரின் திரை வெறுமையாய், தூய்மையாய் இருக்கிறது. ‘நிலுவை ஏதுமில்லை’ என்று அவர் மனமார நம்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் திரையில் உண்மையிலேயே ஒன்றுமில்லை. கணினி மயமாக்கிய நாம், மேசையின் இந்தக் கடமையை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்க மறந்துவிட்டோம்.

சிறிய பள்ளியில் பெரிய கேடு

இது எல்லாப் பள்ளிக்கும் உள்ள சிக்கல்தானே, தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு என்று சிலர் கேட்கலாம். கேடு விளைவதில் சிறப்பு உண்டு.

நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவை நம் பேரா மாநிலத்தில் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ஈப்போ மாநகரின் பெரிய பள்ளிகளை ஒருபுறம் வையுங்கள். சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார், தாப்பா, சுங்கை, தெலுக் இந்தான், பாகான் டத்தோ என்று பழைய இரப்பர்த் தோட்டங்களின் ஊடே போய்ப் பாருங்கள். இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் வெறிச்சோடிவிட்டன, பள்ளி மட்டும் நிற்கிறது. 150 மாணவர்க்குக் குறைந்தால் ‘மாணவர் குறைந்த பள்ளி’ என்கிறது அமைச்சு. தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கு மேற்பட்டவை இவ்வகையினவே. 30 பேர்கூட இல்லாத இடங்களில் இரு வகுப்புகளைச் சேர்த்து ஒன்றாகவே நடத்துகிறார்கள்.

பெரிய பள்ளியில் மாணவர் தரவுக்கு ஒருவர், பாடநூலுக்கு ஒருவர், உணவுத் திட்டத்திற்கு ஒருவர், கணினிக்கு ஒருவர் இருப்பர். ஒருவர் போனால் மற்றவர் அறிவார். சிறிய பள்ளியில் இவை நான்கும் ஒரே ஆசிரியரின் தலையில்! ‘குரு டேட்டா’ அவரே. பாடநூல் பொறுப்பும் அவரே. காலையில் கூட்டு வகுப்பு எடுப்பவரும் அவரே. அந்த ஒருவர் மாற்றலானால், மகப்பேற்று விடுப்பில் சென்றால், பணி ஓய்வு பெற்றால், பள்ளியின் எல்லாக் கதவுகளும் ஒரே நாளில் பூட்டிக்கொள்கின்றன.

பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் வேலை முடிந்து, ஈப்போவில் தொழிற்சாலை வேலை தேடிக் குடிபெயரும் குடும்பத்தின் பிள்ளை. பழைய பள்ளியில் விடுவிக்கும் பணி, மாற்றலாகிப்போன ஆசிரியரின் பெயரில் கிடக்கிறது. புதிய பள்ளியின் பட்டியலில் பெயர் ஏறவில்லை. பெயர் ஏறாத பிள்ளை கணக்கில் இல்லாத பிள்ளை. 1975-இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம், 1979-இல் தொடங்கிய கூடுதல் உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளி உதவித்தொகை, மாணவர் தலைக்கு இவ்வளவு எனப் பள்ளிக்கு வரும் மானியம் ஆகிய அனைத்தும் பெயர்ப்பட்டியலின் மேலேயே நிற்கின்றன.

நல்ல மனம் படைத்த ஆசிரியர்கள் அப்பிள்ளையைப் பட்டினி போடுவதில்லை. தம் பணத்தில் ஊட்டுவார்கள், பழைய நூல்களைத் தேடித் தருவார்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனால் அங்கே நிகழ்வது என்ன? பிள்ளைக்கு உரிமையாய் வரவேண்டியது ஆசிரியரின் அருளாய் வருகிறது. தந்தை நன்றி சொல்லித் தலைகுனிகிறார். அவர் கேட்க வேண்டியது கேள்வி. சொல்ல நேர்வது நன்றி.

பெரட்டுக் களம் அறிந்திருந்த பாடம்

தோட்டத்தில் பிறந்தவர்க்குப் பெரட்டு தெரியும். விடியுமுன் ஆள்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். இன்னார்க்கு இன்ன மரங்கள் என்பது அங்கேயே உறுதியாகும். ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால், அவருடைய மரங்கள் அவர் வரும் வரை காத்திருக்கட்டும் என்று எந்தக் கங்காணியும் விடமாட்டார். மாற்றாள் அன்றே அனுப்பப்படுவார். பால் வடியாத மரம் துரைக்கு நட்டம் என்பதால் வந்த சுறுசுறுப்பு அது. நான் அந்தக் கொடுமை மிகுந்த காலத்தைப் புகழவில்லை. மரத்திற்கு மாற்றாள் ஒரே நாளில் கிடைத்தார். பிள்ளையின் கோப்புக்கு மாற்றாள் மூன்று மாதமாகியும் கிடைக்கவில்லை. இதைச் சொல்ல நமக்கு நாணம் வேண்டாவா?

அதே தோட்டம் இன்னொரு பாடத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அப்பணியை அது ஒப்படைத்தது தோட்ட நிர்வாகத்திடம். பெயரளவுக்கேனும் பள்ளிகள் எழுந்தன. கிராணியும் கங்காணியும்கூட எழுத்துச் சொல்லிக் கொடுத்தனர். பிறகு 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. துரைமார் நிலத்தைக் கூறு கூறாக விற்றுவிட்டுக் கப்பலேறினர். நிலம் கைமாறியது, பள்ளியைப் பேணும் கடமை யாரிடம் கைமாறியது? அரசு ஆசிரியர் சம்பளத்தை ஏற்றது. நிலமோ பல இடங்களில் தோட்டத்துக்குரியதாகவே நின்றது. ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்ற பெயரோடு இன்றும் பல பள்ளிகள் திண்டாடுவதன் வேர் இதுதான். உரிமையாளர் மாறினார், ஒப்படைத்த பணி பழைய பெயரிலேயே கிடந்தது. கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம் பணி தேங்கிவிட்டது, ஐயா!

அந்நாளில் வெறுமனே புலம்பாமல் செயலில் இறங்கியவரும் நம் பேராக்காரரே. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறுசிறு பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழிசெய்தார். பழைய உரிமையாளர் போய்விட்டால் புதிய உரிமையாளரைப் பெயர் சொல்லி ஏற்படுத்து என்பதே அதன் உள்ளீடு. நம் பள்ளிக் கணினிப் பணிக்கும் அதே மருந்துதான்.

சாக்குகளும் மறுமொழிகளும்

“மாற்றலாகும்போது கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனால் தீர்ந்தது” என்பர் சிலர். தீராது; புதுச் சிக்கல் தொடங்கும். உரியவர் அல்லாதார்க்குக் கடவுச்சொல்லைத் தருவதை 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமே குற்றமாக்கிற்று. மேலும், போனவர் பெயரில் இருப்பவர் ஒப்புதல் தந்தால், நாளை தணிக்கையில் பதில் சொல்பவர் யார்? பல்லாண்டு நேர்மையாய் உழைத்தவரின் பெயரை அவர் அறியாத கையெழுத்துக்குப் பிணையாக்கலாமா?

“வள்ளுவரே ஆளறிந்து பணியை விடச் சொன்னார், நல்ல ஆசிரியரிடம் விட்டுவிட்டோம், இனி அவர் பாடு” என்று மேடையில் முழங்குவோரும் உளர். திருக்குறளில் ‘தெரிந்துவினையாடல்’ என்று ஓர் அதிகாரமே இருப்பது உண்மைதான். ஆனால் ஆளறிந்து விடுவதென்பது, விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் இருப்பதன்று. அதே அதிகாரம், வினை செய்வான் நிலையை மன்னன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வள்ளுவர்க்கு நாம் செய்யும் மரியாதையன்று.

“நம்மிடம் ஏழெட்டு ஆசிரியர்களே உள்ளனர், மாற்றாளுக்கு எங்கே போவது?” என்பது மட்டும் நேர்மையான கேள்வி. இதற்கு விடை சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியர் அல்லர், மேலிடம். ஒரு பள்ளிக்குள் மாற்றாள் கிடைக்காவிட்டால், அண்டைப் பள்ளியிலோ மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ ஒருவர் அப்பொறுப்புக்கு மாற்றாளாகப் பெயர் குறிக்கப்படட்டும். பத்து மாணவர் உள்ள பள்ளிக்கும் ஆயிரம் மாணவர் உள்ள பள்ளிக்கும் ஒரே எண்ணிக்கையிலான படிவங்களைக் கேட்பவர்கள், இந்த ஒரு சலுகையையேனும் தர வேண்டும்.

தேங்கிய பணியை விடுவிப்பது எப்படி?

குறை சொல்லிவிட்டு நகர்வது ஆசிரியர்க்கு அழகன்று. பணி தேங்கியதாகத் தெரிந்தால், ‘சிஸ்டம்’ என்ற சொல்லை எடுக்கும் முன் இவற்றை வரிசையாகக் கேளுங்கள்:

1. எந்தப் படியில் நிற்கிறது? விண்ணப்பம் அனுப்பப்பட்டதா, வரைவாகவே சேமிக்கப்பட்டுக் கிடக்கிறதா? ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தாமல் ‘சேமி’ பொத்தானோடு நின்றவை ஏராளம்.

2. யார் பெயரில் நிற்கிறது? ‘அலுவலகத்தில்’ என்பது விடையாகாது. ஒரு பெயர் வேண்டும்.

3. அப்பெயருக்குரியவர் இன்று அப்பொறுப்பில் இருக்கிறாரா? மாற்றல், ஓய்வு, நெடுவிடுப்பு, முடக்கப்பட்ட கணக்கு என நான்கையும் பாருங்கள்.

4. அறிவிப்பைப் பணியென்று மயங்காதீர்கள். மின்னஞ்சல் வரவில்லை என்பதால் பணி வரவில்லை என்று பொருளன்று. உள்நுழைந்து பணிப்பட்டியலைப் பாருங்கள்.

5. குழுவுக்கு விடப்பட்ட பணியாயின், ஒருவர் ‘எடுத்துக்கொண்டு’ முடிக்காமல் விட்டாரா? அப்படியாயின் அது மற்றவர் திரையில் தோன்றாது. அவர் திருப்பி விட வேண்டும்.

6. படிவத்தில் வெற்றிடம் உண்டா? அடையாள எண்ணோ பள்ளிக் குறியீடோ பிழையாக இருந்தால் பணி போக வேண்டிய இடம் தெரியாமல் நின்றுவிடலாம்.

7. பொறுமையிழந்து இரண்டாம் முறை விண்ணப்பிக்காதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு பணிகள் உருவானால் சிக்கல் இரட்டிக்கும். முதலாவதை நிர்வாகி வழியே மாற்றுங்கள். அல்லது முறைப்படி நீக்கிவிட்டுப் புதிதாய்த் தொடங்குங்கள்.

இந்த ஏழையும் பார்த்தபின், நிர்வாகிக்கு எழுதும்போது “சிஸ்டம் வேலை செய்யவில்லை, உதவுங்கள்” என்று எழுதாதீர்கள். “இன்ன நாள் அனுப்பிய இன்ன எண்ணுள்ள விண்ணப்பம், இன்ன படியில், மாற்றலாகிவிட்ட இன்னார் பெயரில் நிற்கிறது, இன்னாருக்கு மாற்றித் தருக” என்று எழுதுங்கள். முதல் கடிதத்திற்கு வருவது ஆறுதல்; இரண்டாம் கடிதத்திற்கு வருவது தீர்வு.

நான் கேட்பவை நான்கு

முதலாவது: பணி ஆளுக்கன்று, பொறுப்புக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் தொடக்கத்திலேயே ஒரு மாற்றாள் இருக்க வேண்டும்.

இரண்டாவது: ஒவ்வொரு படிக்கும் கெடு வேண்டும். கெடு தாண்டினால் பணி தானாகவே மேலே செல்ல வேண்டும். கீழே இருப்பவர் நினைவூட்டிக் கெஞ்சும் நிலை ஒழிய வேண்டும்.

மூன்றாவது: மாற்றலாகும் ஆசிரியர் சாவியையும் கோப்பையும் ஒப்படைப்பது போல, தம் கணக்கில் முடியாமல் நிற்கும் பணிகளின் பட்டியலையும் ஒப்படைக்க வேண்டும். பிரியாவிடை விருந்துக்கு முன் இது நடக்க வேண்டும். மாலையும் பொன்னாடையும் ஒருநாள் தாமதமானால் குடிமுழுகிவிடாது.

நான்காவது பெற்றோர்க்கு: விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை பள்ளிக்கு வரும்போது, “ஐயா, வேலை ஆயிற்றா?” என்று கேட்காதீர்கள், “இப்பொழுது யார் பெயரில் இருக்கிறது, ஐயா?” என்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் விடை வரும் வரை நில்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிப்பது போல, நிலுவைப் பணிகளின் எண்ணிக்கையும் வாசிக்கப்படட்டும். பெயர்கள் வேண்டா, எண்ணிக்கை போதும். எண்ணப்படுவது குறையும்.

இவற்றுள் எதற்கும் புதிய மென்பொருள் தேவையில்லை. கோடிக்கணக்கான வெள்ளியும் தேவையில்லை. மற்றொரு புதிய அமைப்பு வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்போர்க்கு ஒன்று சொல்வேன். எச்.ஆர்.எம்.ஐ.எஸ். வந்தது, ஏ.பி.டி.எம். வந்தது, 2020-இல் டெலிமா வந்தது. பெயர்கள் மாறின. இல்லாத ஆளின் பெயரில் பணியை விட்டுவைக்கும் நம் வழக்கம் ஒவ்வொன்றிலும் நம்மோடு குடிபுகுந்தது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, வரும் திங்கட்கிழமை பள்ளிக்குச் சென்றதும் ஒன்று செய்யுங்கள். கடந்த ஈராண்டில் உங்கள் பள்ளியை விட்டுச் சென்ற ஆசிரியர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயரின் கீழும் ஏதேனும் ஒரு பணி இன்னும் நிற்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். நின்றால், அன்றே மாற்றச் சொல்லுங்கள். அதன் மறுமுனையில் ஒரு பிள்ளை காத்திருக்கலாம்.